ரூத் டேனியலுக்குத் தொண்டை சரியில்லை

ரூத் டேனியலுக்குத் தொண்டை சரியில்லையாம். பள்ளி ஆண்டுவிழா மேடையில் துணை முதல்வர் ஹேமலதா மைக்கில் சொல்லிவிட்டாள், வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்பது போல முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கொண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து நம் குழந்தைகளுக்காக அல்லும் பகலும் உழைக்கும் ரூத் டேனியல் மேடம் அவர்களுக்கு நம்ம ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் தொண்டை கட்டிக்கொண்டதால், அவர்களது உரையை நமது ஆசிரியை ரூபா சற்று நேரத்தில் வாசிப்பார். கை தட்டுகிறார்கள். தொண்டை கட்டியதற்கு எதற்குக் கைதட்டல்? ரூத் டேனியல் நான்தான். இன்றைக்கு மட்டும் ரூபாவும் நான்தான். என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வரிசையில், ஓரத்திலிருந்து மூன்றாவது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மத்தியானம் கொடுத்த தயிர்சாதத்தை முழுசாக விழுங்கிய தொண்டை இது. மேடையில் என் பேரை வைத்துக்கொண்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் பேர் தைவா. ஐரோப்பாவில் இருக்கிற லிதுவேனியாக்காரி, பொன்னிற முடி. தாளாளருடைய மச்சான் பனியன் கம்பெனிக்குச் சரக்கு பார்க்க வந்தவள். தையல் நேராக இருக்கிறதா, கழுத்துப்பட்டி சுருங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சரி என்று சொல்வது அவள் வேலை. அவளுக்கு இங்கிலீஷே அரைகுறை. அவள் என்ன செய்வாள், கூப்பிட்டார்கள், வந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. இல்லை, இருக்கிறது. கொஞ்சம் இருக்கிறது. அவள் போட்டிருப்பது என்னுடைய கோட்டு.

நீலக் கோட்டு. ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் கல்லூரி முடித்தபோது அம்மா வாங்கிக் கொடுத்தது. எட்டு மாதமாக இந்த வெயிலில் தினமும் அதைப் போடவைத்தார்கள், கோட்டுப் போட்டாத்தான் அமெரிக்கா மாதிரி இருக்கும் என்று. நேற்று அதைக் கழற்றித் தரச்சொல்லி, ஹேமலதா தன்னுடைய அரக்குப் புடவையை என் கையில் திணித்தாள். "புடவை கட்டிக்குங்க, அப்பத்தான் நம்ம டீச்சர் மாதிரி இருக்கும்." நம்ம டீச்சர். எட்டு மாதத்தில் ஒரு நாள் கூட நான் நம்ம டீச்சர் ஆகவில்லை, நேற்று ஒரே சாயங்காலத்தில் ஆகிவிட்டேன். தோளில் குத்திய ஊக்கு உள்ளே திரும்பிக்கொண்டு சதையில் படுகிறது. அசைந்தால் குத்துகிறது, அசையாவிட்டால் நாற்காலியின் விரிசல் தொடையைக் கவ்வுகிறது. மேடையில் தைவாவுக்குக் கோட்டின் தோள் பிடிக்கிறது போல, கையை ஒரு மாதிரி மடக்கி வைத்திருக்கிறாள். கிழியட்டும். வேண்டாம், கிழியக் கூடாது, அம்மா வாங்கியது. கொண்டுவந்ததே அது ஒன்றுதான். அவள் வியர்வை நாற்றம் அதில் ஏறியிருக்கும். என் வியர்வை ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கோட்டுக்குள் இரண்டு பேருடைய வியர்வை, ஒருத்திக்குப் பொன்னாடை. நான் ஏன் சரிங்க சார் என்றேன்?

நேற்று மத்தியானம் தாளாளர் சென்னியப்பன் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைக்குள் ஏசி, ஊதுபத்தி, கண்ணாடி அலமாரி நிறையக் கேடயங்கள். உட்காருங்க மேடம் என்றார். ஒரு தட்டில் முறுக்கு வந்தது. அந்த முறுக்கைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இந்தப் பள்ளியில் கெட்ட சேதி எதுவும் பலகாரம் இல்லாமல் வராது. "ஒரு நாள் தானுங் மேடம்," என்றார். "அட, ஒரு நாள் கூட இல்லீங்க, ஒரு மணி நேரம். பேனர்ல ஒரு மொகம், மேடையில வேற மொகம்னா பேரண்ட்ஸ் என்ன நெனப்பாங்க? நாம ஏமாத்திட்டோம்னு நெனச்சுக்குவாங்கல்ல?" இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. உண்மையாகவே கவலைப்பட்டார் மனுசன், யாரும் ஏமாற்றம் அடைந்துவிடக் கூடாதே என்று. "ஸ்பீச்சு நீங்களே எழுதுங்க, நீங்களே படிங்க. பேரை மட்டும் ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பொண்ணுக்குக் குடுங்க. நீங்க எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி, அதான் உரிமையாக் கேக்கறேன்." வீட்டுப் பெண்ணிடம்தான் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் போலிருக்கிறது. தைவாவிடம் பிளீஸ் என்று சொல்லியிருப்பார், தேங்க்யூ என்று சொல்லியிருப்பார். எனக்கு உரிமை. அப்போது வாயில் முறுக்கு இருந்தது. கடித்து, மென்று, விழுங்கி, இல்லை சார் முடியாது சார் என்று சொல்வதற்குள் அவர் எழுந்து கைகூப்பிவிட்டார், எழுந்து கைகூப்புகிற பெரிய மனிதரிடம் என்ன சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அம்மா எனக்குச் சொல்லித்தந்த தமிழில் சரிங்க இருக்கிறது, மன்னிச்சுக்குங்க இருக்கிறது, பெரியவர்களிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது என்பது மட்டும் இல்லை. சரிங்க சார். சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, இங்கிலீஷில் என்னென்னவோ சொல்லித் திட்டிப் பார்த்தேன். ஆறவில்லை. எனக்குச் சந்தோஷம் இங்கிலீஷில் வரும், கணக்கு இங்கிலீஷில் வரும், கோபம் மட்டும் தமிழில்தான். வீட்டில் அடி விழுந்ததெல்லாம் தமிழில்தானே.

தப்பு யாருடையது என்று பார்த்தால் அப்பாவிடம் போய் நிற்கும். டேனியல் என்று பேர் வைத்துக்கொண்ட அப்பா, ரூத் என்று எனக்கு வைத்த அப்பா. நாகர்கோவில் பக்கத்தில் தெருவுக்கு நாலு ரூத் இருப்பார்கள், மீன் வாங்கப் போகிற ரூத், பேங்கில் வேலை பார்க்கிற ரூத். இங்கே, பஸ்ஸில் பத்து மணி நேரம் வடக்கே, இவர்களுக்கு அது தெரியவில்லை. போனில்தான் நேர்காணல். நெட் சரியில்லை, காமிரா வேண்டாம் என்று இவர்கள்தான் சொன்னார்கள். என் குரலைக் கேட்டார்கள், பேரைக் கேட்டார்கள், ஒஹையோ என்று ஊரைக் கேட்டார்கள், கேட்ட மறுநாளே பேனர் அடித்துவிட்டார்கள். போட்டோ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொரியாவில் ஒரு பள்ளிக்கு முதலில் விண்ணப்பித்தேன், அங்கே முதல் கேள்வியே போட்டோதான், அனுப்பினேன், பதிலே இல்லை. இங்கே போட்டோ கேட்காதது எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேனே, எனக்கு அறிவு இருந்ததா? இவர்கள் கேட்காததற்குக் காரணம், பார்க்காமலேயே தெரியும் என்பதுதான். பைபாஸில், பெட்ரோல் பங்குக்கு எதிரே, ஓர் ஆள் உயரத்துக்குப் பொன்னிற முடியோடு ஒருத்தி கையில் பேனா வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே ரூத் டேனியல், அமெரிக்கா. அவளையே கோயம்புத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரி போர்டில் பார்த்தேன். அங்கே அவள் பல் டாக்டர். இங்கே அவள் நான். விமான நிலையத்தில் பள்ளி டிரைவர் மயில்சாமி அண்ணன் என் பேர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு என்னை மூன்று தடவை கடந்து போனார். நான் போய், அண்ணா அது நான்தான் என்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மேடம் வர்லீங்களா? நீங்க அவங்க கூட வந்தவங்களா?" அன்றைக்கு நான் சிரித்தேன். ஊருக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கே சிரித்திருக்கக் கூடாது.

இப்போது வரவேற்புரைக்கு நன்றியுரை மாதிரி ஒருவர் பேசுகிறார், அதற்கு வாழ்த்துரை மாதிரி இன்னொருவர். மேடையில் வீற்றிருக்கும் என்று ஆரம்பித்து ஒவ்வொரு பேராகச் சொல்லி முடிக்கவே கால் மணி நேரம். ரூத் டேனியல் என்று வரும்போதெல்லாம் தைவா எழுந்து கைகூப்புகிறாள். ரூத் என்று காதில் விழுந்தால் எழுந்து வணக்கம் போடு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. நான்கு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் என் முழங்கால் தானாக எழப் பார்க்கிறது, இருபத்தைந்து வருஷப் பழக்கம், பேரைக் கேட்டால் திரும்புகிற பழக்கம், அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் முன்னால் மைக்கில் அவளே வந்து வணக்கம் என்றாள். ஒரே ஒரு வார்த்தை. மண்டபம் ஆடிப்போய்விட்டது. எனக்குப் பின்னால் ஒருவர், "எவ்வளவு அழகா தமிழ் பேசுது பாருங்க" என்கிறார். நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் தபால் நிலையத்தில் முழுசாக ஒரு பத்தி தமிழில் பேசினேன், விலாசம், பின்கோடு, எல்லாம். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, "ஏம்மா, தமிழ்ப் பொண்ணாட்டம் இருக்கறே, இப்பிடி இழுத்து இழுத்துப் பேசறே, பள்ளிக்கூடம் போகலியா?" என்றாள். போனேன் தாயே. கொலம்பஸில் போனேன். அங்கே கடைக்காரி, நிஜமா எந்த ஊர் என்பாள், கொலம்பஸ் என்பேன், அது சரி, நிஜமா எந்த ஊர் என்பாள். இங்கே வந்தால் வீட்டு ஓனர், எந்த ஊருங்க மேடம் என்கிறார். கொலம்பஸ். அது சரிங்க, அப்பா ஊரு? நாகர்கோவில். அப்படிச் சொல்லுங்க என்று திருப்தியாக உள்ளே போகிறார். அப்பாவும் அதே கட்சி. கிளம்பும்போது விமான நிலையத்தில், "நீ என்ன வெளிநாட்டுக்கா போற? சொந்த ஊருக்குல்லா போற மக்ளே, தங்கமாப் பாத்துக்கிடுவாவ" என்றார். நான் வேரைத் தேடி வரவில்லை அப்பா. மரமா நான்? வேறு ஒரு நாட்டில் இருந்து பார்க்கலாம் என்று வந்தேன், என்னோடு படித்த மேகன் ஸ்பெயினுக்குப் போன மாதிரி. மேகனுக்கு ஸ்பெயினில் பஸ் தப்பினால் அது வெளிநாட்டு அனுபவம். எனக்கு இங்கே பஸ் தப்பினால், இது கூடவா தெரியாது என்கிறார்கள். இந்த மண்ணில் எனக்கு எதுவும் தெரியாது, வாளித் தண்ணீரில் எப்படிக் குளிப்பது என்பதே மூன்றாம் நாள்தான் கைவந்தது, ஆனால் தெரியாமல் இருக்க எனக்கு அனுமதி கிடையாது. முகம் அப்படி.

போகட்டும். முகத்தைப் பற்றிக்கூட எனக்குக் கவலையில்லை. பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளிலெல்லாம் என்னை லைப்ரரியில் உட்காரவைத்துப் புத்தகத்துக்கு அட்டை போடச் சொன்னார்களே, அது ஏன் என்று நேற்றுத்தான் புரிந்தது, அதைக்கூட விட்டுவிடுகிறேன். இன்றைக்குக் காலையில் நடந்ததுதான் தொண்டையில் நிற்கிறது, நிஜமாகவே தொண்டையில். ஹேமலதா என் வகுப்புக்கு வந்தாள். மூன்றாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். "சில்ரன், இன்னிக்கு ஒரு கேம். இன்னிக்கு மட்டும் ரூத் மிஸ்ஸை ரூபா மிஸ்னுதான் கூப்பிடணும். வீட்ல அம்மா அப்பா கேட்டாலும் ரூபா மிஸ்னுதான் சொல்லணும். கரெக்டாச் சொல்றவங்களுக்கு நாளைக்கு சாக்லேட்." நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் சாக்பீஸ். அவள் போனதும் முதல் பெஞ்சு பிரணிதா எழுந்து, "மிஸ், உங்க பேரு மாறிடுச்சா மிஸ்?" என்றாள். அவளுக்கு எட்டு வயசு. முன் பல் இரண்டு இல்லை. எட்டு மாதமாக நான் அவளுக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்றுதான், கேள்விக்குப் பயப்படாமல் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று. அவள் கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. புத்தகத்தை எடுங்கள் என்றேன். என் பேரை யாரோ ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு போகட்டும், திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை யார் திருப்பி வாங்குவது? என் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்துப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கையில் சாக்பீஸோடு.

அதோ உட்கார்ந்திருக்கிறார்கள், மேடைக்கு முன்னால் ஜமக்காளத்தில், முதுகில் அட்டையில் வெட்டிய வண்ணத்துப்பூச்சி இறக்கை. பேச்செல்லாம் முடிந்தபிறகு அவர்கள் டான்ஸ். இரண்டு மணி நேரமாக இறக்கையோடு சும்மா இருக்கிறார்கள், பாவம். ஒருவன் இறக்கை இன்னொருத்தி கண்ணில் குத்துகிறது. முதல் நாள் இவர்கள் என்னைப் படுத்தியது நினைவுக்கு வருகிறது, இந்தக் கோபத்திலும் வருகிறது. வகுப்புக்குள் நுழைந்தேன், ஹலோ என்றேன், முப்பத்தெட்டுப் பேரும் சடாரென்று எழுந்து ஒரே ராகத்தில் இழுத்தார்கள், குட்... மார்... னிங்... மிஸ்ஸ்... எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நன்றி சொன்னேன், பெயரைச் சொன்னேன், போர்டில் எழுதினேன், என் ஊர் பற்றிச் சொன்னேன், பனி பற்றிச் சொன்னேன், திரும்பிப் பார்த்தால் எல்லோரும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். ஏதோ மரியாதை போலிருக்கிறது, வகுப்பு முழுக்க நின்றுகொண்டேதான் படிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துப் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து ஒருவன் அழ ஆரம்பித்தான். பக்கத்து வகுப்பு சரோஜினி மிஸ் ஓடிவந்து சிட் டவுன் சிட் டவுன் என்றார், ஒரு பிள்ளைகூட உட்காரவில்லை. "நீங்கதான் சொல்லோணும் மிஸ், உங்களுக்குத்தான குட் மார்னிங் சொன்னாங்க" என்றார். யாருக்கு வணக்கம் சொன்னார்களோ அவர் உட்கார் என்றால்தான் உட்காருவார்களாம். அன்றிலிருந்து அந்த ராகத்தை ஒழிக்க எட்டு மாதம் போராடினேன். ராகம் வேண்டாம், எழ வேண்டாம், கையை ஆட்டி மார்னிங் என்றால் போதும், நாம் பட்டாளமா என்று எவ்வளவோ சொன்னேன். தலையாட்டுவார்கள். மறுநாள் நான் வாசலில் கால் வைத்து குட் மார்னிங் கிளாஸ் த்ரீ என்றதும் எழுந்து, குட்... மார்... னிங்... ரூத்... மிஸ்ஸ்... என் பேரைச் சேர்த்தது ஒன்றுதான் நான் செய்த சீர்திருத்தம். அதைத்தான் சாக்லேட் கொடுத்து எடுத்துவிட்டார்களே.

என் முறை வரப்போகிறது. ஹேமலதா ஓரத்திலிருந்து கையைக் காட்டுகிறாள், இன்னும் ஒருவர் பேசியதும். கையில் காகிதம் ஈரமாகிவிட்டது. நேற்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருக்கிறேன், மைக்கைப் பிடித்ததும் சொல்லிவிட வேண்டியது, நான்தான் ரூத் டேனியல் என்று. அவ்வளவுதான். பிறகு என்ன ஆனாலும் சரி. என்ன ஆகும்? விசா இந்தப் பள்ளியின் பேரில் இருக்கிறது, வேலை போனால் அதுவும் போகும், மூட்டை கட்டிக்கொண்டு கொலம்பஸ் போய் இறங்கினால் அப்பா, சொந்த ஊரில் உன்னால் இருக்க முடியவில்லையா என்பார். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிட வேண்டும், நான்தான் ரூத் டேனியல், நான்தான் ரூத் டேனியல், மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே காகிதத்தைப் பிரிக்கிறேன். முதல் வரி. என் கையெழுத்தில். குட் ஈவினிங், மை நேம் ஈஸ் ரூத் டேனியல், ஐ கம் ஃப்ரம் ஒஹையோ. ஐயோ. நான் எழுதிய உரையே இப்படித்தான் ஆரம்பிக்கிறது. நான் மைக்கில் போய் என் பேர் ரூத் டேனியல் என்று கத்தினாலும், கதறினாலும், நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாலும், அமெரிக்க அம்மாளுடைய உரையை இந்த டீச்சர் வாசிக்கிறது என்றுதான் நினைப்பார்கள். உண்மையைச் சொல்ல முடியாதபடி உண்மையையே எழுதிவைத்திருக்கிறேன், முட்டாள். தமிழில் சொல்லலாமா? நாந்தான் ரூத்து என்று அப்பா பேச்சில்? சொன்னால் போச்சு. தமிழில் பேசினால் அப்புறம் எந்த அமெரிக்கா? பாவம், டீச்சருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று மோர் கொடுப்பார்கள். இங்கிலீஷில் சொன்னால் நான் ரூபா. தமிழில் சொன்னாலும் நான் ரூபா. பாஸ்போர்ட்டை எடுத்துவந்து ஆட்டட்டுமா? அது அலுவலக அலமாரியில் இருக்கிறது, ஜெராக்ஸ் எடுக்க வாங்கி மூன்று நாளாகிறது. தோள் ஊக்கு குத்துகிறது. பேர் சொல்கிறார்கள். ஆசிரியை ரூபா. அடுத்த நாற்காலிக்காரி முழங்கையால் இடிக்கிறாள், "உங்களைத்தானுங் மிஸ்."

ஏழு படி. புடவை காலைத் தட்டுகிறது. மைக்கு என் வாய்க்கு மேலே நிற்கிறது, யாரும் இறக்கிக் கொடுக்கவில்லை, நானே திருகி இறக்குகிறேன், அது கிறீச்சிடுகிறது. தாளாளர் தலையாட்டிச் சிரிக்கிறார், எங்க வீட்டுப் பொண்ணு. தைவா என்னைப் பார்க்கிறாள். அவள் கண்ணில் என்னவோ தெரிகிறது, வெட்கமா, பயமா, கோட்டு இறுக்குகிறதா, தெரியவில்லை. குட் ஈவினிங் என்கிறேன். என் குரல் பெரிய ஸ்பீக்கரில் போய்ச் சுவரில் இடித்துத் திரும்பி வருகிறது. மை நேம் ஈஸ் ரூத் டேனியல். தைவா எழுந்து கைகூப்புகிறாள். மண்டபம் கைதட்டுகிறது. அவளைப் பார்த்துத் தட்டுகிறது. நான் நிறுத்தவில்லை, இன்னும் கொஞ்சம் வாசிக்கிறேன், என் ஊரில் ஓடும் ஆறு, என் பள்ளி, என் அம்மா பார்க்கும் ஆஸ்பத்திரி வேலை. என் வாயிலிருந்து வருவது என் ஊர்ப் பேச்சு, அது ஒன்றையாவது யாரும் எடுக்க முடியாது, இதைக் கேட்டாவது ஒருவருக்குச் சந்தேகம் வராதா? முன் வரிசையில் பட்டுப்புடவைக்காரி ஒருத்தி பக்கத்துக்காரியிடம் குனிகிறாள். மேடைக்கே கேட்கிறபடி சத்தமாகவே சொல்கிறாள். "பாத்தீங்களாக்கா, அந்த அமெரிக்காம்மாகிட்ட பழகிப் பழகி இந்தப் புள்ளைக்கே எப்பிடி இங்கிலீஷ் வருது! நம்ம கொழந்தைக்கு வராதுங்களா?" வரும்க்கா வரும் என்கிறாள் மற்றவள். என் வாயும் போய்விட்டது. என் கோட்டு, என் பேர், இப்போது என் வாய். இருபத்தைந்து வருஷம் பேசிய பேச்சு, எட்டு மாதத்தில் அவளிடம் கற்றுக்கொண்டதாம், இங்கிலீஷே அரைகுறையாக இருக்கும் அவளிடம். காகிதத்தை மடிக்கிறேன். நான்காக மடித்து ஹேமலதாவின் புடவை இடுப்பில் செருகுகிறேன். மண்டபம் காத்திருக்கிறது. ஹேமலதா ஓரத்திலிருந்து, படிங்க படிங்க என்று வாயசைக்கிறாள். மேலே பார்க்காமல் கீழே பார்க்கிறேன், ஜமக்காளத்தை. பிரணிதா அங்கே இருக்கிறாள், ஒரு இறக்கை மடங்கிப்போய். அவள் என்னைத்தான் பார்க்கிறாள், காலையில் பார்த்த அதே பார்வை, பதில் வராத கேள்வியோடு. வேண்டாம், பிள்ளைகளை இதில் இழுக்காதே. அவர்கள்தான் முதலில் இழுத்தார்கள். ரூபா மிஸ் என்று சொல்லிவிட்டால்? சொன்னால் சொல்லட்டும், அதையும் என் காதால் கேட்டுவிட்டு மூட்டை கட்டுகிறேன்.

"குட் மார்னிங், கிளாஸ் த்ரீ!" என்கிறேன், வகுப்பு வாசலில் சொல்கிற அதே குரலில். மணி ஆறரை. பின் வரிசையில் சிரிக்கிறார்கள், சாயங்காலத்தில் குட் மார்னிங்காம். சிரிப்பு முடிவதற்குள் முப்பத்தெட்டு ஜோடி அட்டை இறக்கைகள் சடசடவென்று எழுகின்றன. ஒருவன் தடுமாறி அடுத்தவன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு எழுகிறான். யோசிக்க நேரமில்லை அவர்களுக்கு, சாக்லேட்டை நினைக்க நேரமில்லை, எட்டு மாதமாக நான் ஒழிக்கப் பார்த்த, ஒழியாத, தலைவலிக்கிற அந்த ராகம் அவர்கள் வயிற்றிலிருந்து கிளம்பி வருகிறது. குட்... மார்... னிங்... ரூத்... மிஸ்ஸ்... இழுக்கிறார்கள், கடைசி எழுத்தை மூச்சு தீரும்வரை இழுக்கிறார்கள், என்னைப் பார்த்து. மேடையில் தைவா பாதி எழுந்து, கையைப் பாதி கூப்பி, பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை இறக்குகிறாள். பட்டுப்புடவைக்காரி என்னைப் பார்க்கிறாள், அவளைப் பார்க்கிறாள், பிள்ளைகளைப் பார்க்கிறாள். தாளாளர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது, எடுக்க மறந்துவிட்டார். ஹேமலதா கீழே ஓடிவந்து, "சிட் டவுன்! சில்ரன், சிட் டவுன்! உக்காருங்க எல்லாரும்!" என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறாள். ஒரு பிள்ளைகூட உட்காரவில்லை. அவர்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், பெற்றோரெல்லாம் இருக்கையில் நெளிய நெளிய, இறக்கையோடு நிற்கிறார்கள். நான்தான் சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை, என் தொண்டைக்கு ஒன்றுமில்லை. நான் சொல்லவில்லை.